கற்பனை வாடிக்கையாளர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல் என்று கத்தினேன். அதற்கு நீ, "ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே மெயின்டெய்ன் பண்ணு" என்றாய். பக்கத்தில் நின்று இவர் சிரித்த சிரிப்பில் காய்ச்சலே போய்விட்டது. மீசை முளைக்கும் முன்னே அச்சகத்தில் நுழைந்து, இத்தனை காலம் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றால் காதுதான் என்ன செய்யும், பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். இவர் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா, ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து, "இங்க தங்க நல்ல இடம் இருக்கா?" என்று கேட்கிறார்களாம். அங்கே இருப்பது ஒரே ஒரு லாட்ஜ். அதையே கை காட்டிக் காட்டி இவருக்கு அலுத்துவிட்டது. நகராட்சியில் சனிக்கிழமைதோறும் சுற்றுலாத் தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார்கள். சேர்ந்துவிட்டேன். நம் வீட்டு மாடி ரூமை, வருகிறவர்கள் தங்கும் அறையாக மாற்றலாம் என்று எனக்கு ஆசை.

இதைக் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. அது உன் ரூம். நீ கடைசியாக அதில் படுத்தபோது உன் மருமகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விடுகிறாள். ஆனாலும் அப்பா வீடு நம் இரண்டு பேருக்கும்தான். நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

வாலு

ஜனவரி 21

அன்பு வாலு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. காது மட்டும் அவ்வப்போது லீவு போடுகிறது. உன் காய்ச்சலுக்குச் சந்தோஷப்பட்டதற்கு மன்னிப்பு.

கடிதத்தைப் படித்த கையோடு அச்சகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, "என் தங்கச்சி முதலாளி ஆகப்போறா" என்று. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் என்னைக் கேட்பதா? எடுத்துக்கொள், முழுசாக எடுத்துக்கொள். நான் எங்கே அங்கே வரப்போகிறேன்? பெண்டாட்டியா, பிள்ளையா? கம்பெனி ரூம் கொடுத்திருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே அச்சகம். நான் போகிறேன் என்றாலும் முதலாளி விடமாட்டார். என் கட்டில் உதவும் என்றால் வைத்துக்கொள், மற்ற சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடு. கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாலும் தருகிறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஒரே ஒரு புத்திமதி. தொழிலில் அரை மனசு ஆகாது. "பெரியம்மா பையன் லீவுக்கு வந்திருக்கான், ரெண்டு நாள் மாடியில படுத்துக்கட்டும்" என்று ஆரம்பித்தாயோ, போச்சு, தொழில் படுத்துவிடும். சொந்தக்காரர்களுக்கு ரூம் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடு. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மாப்பிள்ளையையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். என் தலை மட்டும் நலமில்லை. வகுப்பில் டீச்சர் சொல்வது அவ்வளவும் தமிழ்தான், ஒன்றும் புரிவதில்லை.

"உங்க வீட்டோட தனித்துவம் என்ன?" என்று கேட்டார். மழை பெய்தால் மாடிப்படி வழுக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, கரும்பலகையில் 'பாதுகாப்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். எனக்குப் பக்கத்தில் சைக்கிள் வாடகைக்கு விடப்போகிறவர் உட்காருகிறார். என் ரூமுக்கு வருகிறவர்கள் எல்லாம் தன் வாடிக்கையாளர்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அவர் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லாம் என் வாடிக்கையாளர்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். அந்த ஆட்கள் முதலில் எங்கிருந்து வருவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

போன வாரம் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? நம் ரூமில் நம் வீட்டு ஆளையே வாடிக்கையாளராகத் தங்கவைத்துப் பார்க்க வேண்டும். இவர் கையில் பையோடு படியேறி வந்து, "மேடம், ஒரு புக்கிங் இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றுதான். அதோடு விட்டாரா? துண்டு கேட்டார். டீ கேட்டார். டீயில் சர்க்கரை கம்மி என்றார். கட்டில் கிரீச்சிடுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். "பிடிச்சா இருங்க, இல்லாட்டி கிளம்புங்க" என்று கத்திவிட்டேன். சுத்தத்துக்கு நல்ல மார்க், பொறுமையில் ஃபெயில்.

இப்போது அடுத்தது. ஒரு கற்பனை வாடிக்கையாளரை உருவாக்க வேண்டுமாம். அவருக்கு என்ன வயசு, என்ன வேலை, எதைத் தேடி வருகிறார், எதற்குப் பயப்படுகிறார், எல்லாம் எழுத வேண்டும். அந்த ஒரு ஆளை மனசில் வைத்துக்கொண்டு ரூமை அமைத்தால் நிஜ ஆட்கள் தானாக வருவார்களாம். நான் யாரைக் கற்பனை செய்தாலும் கடைசியில் எதிர்வீட்டு அத்தை மாதிரியே ஆகிவிடுகிறது. நீ நாலு மனுஷரைப் பார்த்தவன். எனக்கு ஒரு ஆளைச் செய்து அனுப்பு.

ஜாக்கிரதையாக இரு.

வாலு

மார்ச் 30

அன்பு வாலு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே சில மாற்றங்கள். அச்சகத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. திரையைத் தொட்டால் அதுவே ஓடுகிறது. பக்கத்தில் நிற்க ஆள் தேவையில்லை. நல்ல மெஷின், குறை சொல்ல முடியாது.

நீ கேட்ட வாடிக்கையாளரை யோசித்துப் பார்த்தேன். ஐம்பதுக்கு மேல் வயசு. தனி ஆள். ஒரே இடத்தில் ரொம்பக் காலம் வேலை பார்த்தவர், இப்போது பார்க்கவில்லை. படகில் ஏறமாட்டார், போட்டோ எடுக்கமாட்டார். எதைத் தேடி வருகிறார் என்று கேட்டிருந்தாய். அது அவருக்கே புரியவில்லை. காலையில் எழுந்து பல் தேய்த்துச் சட்டை போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொண்ட பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அது தெளிகிற வரைக்கும் அவருக்கு இருக்க ஓர் இடம் வேண்டும்.

எதற்குப் பயப்படுகிறார்? "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான்.

இது உன் வகுப்புக்கு ஆகுமோ ஆகாதோ. ஆகாது என்றால் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணன்

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் புது மெஷின் நன்றாக ஓடட்டும், இனியாவது உன் காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

உன் ஆளை வகுப்பில் படித்துக் காட்டினேன். வசதிக்கு உன் வயசுக்காரராகவே செய்துவிட்டாயே, சரியான சோம்பேறி நீ. படித்து முடித்ததும் சைக்கிள்காரர், "இவர் என்கிட்ட சைக்கிள் எடுக்க மாட்டார் போலிருக்கே" என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சுற்றுலாப் பயணின்னா திரும்பிப் போறவர்மா. உங்க ஆள் திரும்பிப் போற மாதிரியே தெரியலையே."

ஆனாலும் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. மாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது என்னைப் போட்டுத் துளைக்கிறார்கள். எவ்வளவு நாள் இருப்பார்? பகல் முழுக்க என்ன செய்வார்? அவருக்குச் சொந்தம் என்று யாருமே இல்லையா? நானும் அதைத்தான் கேட்கிறேன். சொந்தம் இருந்தால் அங்கே போகாமல் எதற்கு வாடகை ரூமைத் தேடி வருகிறார்? அந்தச் சொந்தக்காரர்களை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

யாரையாவது பார்த்து எழுதினாயா? உண்மையைச் சொல். கற்பனை ஆள் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காரமாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

ஏப்ரல் 29

அன்பு வாலு,

நலம். நீ கெட்டிக்காரி. தெரிந்த ஆள்தான். அச்சகத்தில் என்னோடு இருந்தவர். மெஷின் வந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். பெயர் கேட்காதே.

எவ்வளவு நாள் என்று அவரிடம் கேட்டேன். ஆறு மாசம் என்றார். அப்புறம், அதை எழுதாதே என்றார். பகலில் சும்மா உட்காருகிறவர் இல்லை. குழாய் ஒழுகினால் சரி செய்வார், பெயிண்ட் அடிப்பார். படி வழுக்கினால் சொரசொரப்பாக சிமெண்ட் பூசவும் தெரியும். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். சத்தம் போடமாட்டார்.

சொந்தம் உண்டு. தங்கமானவர்கள். இப்போதுதான் புதுசாக ஒரு காரியத்தில் கால் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் போய் நின்றால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று கூசுகிறார். அவர்களாக ஒரு தடவை "வா" என்றால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். ஆனால் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்தான் வாயைத் திறப்பதில்லையே.

இப்படி ஒரு ஆளுக்கு உன் மாடியில் இடம் இருக்குமா, வாலு? வகுப்புக்காக இல்லை. சும்மா கேட்டு வைக்கிறேன்.

அண்ணன்

மே 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். இதற்கு மேல் எழுத நேரமில்லை என்றாலும் எழுதுகிறேன். போர்டு மாட்டியாகிவிட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள்!

முதலில் வந்தது புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை. நான் செய்த கூத்தைக் கேள். வந்த அன்றைக்கே அந்தப் பெண்ணிடம், "ஏன் இப்படி இளைச்சிருக்கே? சாப்பிடுறியா இல்லையா?" என்றேன். அடுத்த குழந்தை எப்போது என்று கேட்டேன். ராத்திரி சாப்பிட்டார்களா என்று பார்க்கக் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். ஒரு நாள் முன்னாலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறேன், அப்படி என்ன தப்பு செய்தேன் என்று. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க உங்க உறவுக்காரங்க இல்லம்மா, வாடிக்கையாளர். உங்க வேலை கதவுக்கு வெளியே நிக்கிறது" என்றார்.

அதனால் மாறிவிட்டேன். ரூமில் விதிமுறை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் தங்க அனுமதியில்லை. முன்பதிவு இல்லாமல் ரூம் இல்லை. சொந்தக்காரர்கள் விஷயத்தில் நீ சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் இவர் தங்கை குடும்பத்தையே லாட்ஜுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை.

உன் அச்சக நண்பரைப் பற்றி நிறைய யோசித்தேன். பாவமாகத்தான் இருக்கிறது. சரி என்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். ஆனால் தனி ஆம்பளை, எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது, பெண் பிள்ளை வளர்கிற வீடு. நீயே சொன்னாய், தொழிலில் அரை மனசு ஆகாது என்று. முடியாது என்று பக்குவமாகச் சொல்லிவிடு. அந்தத் தங்கமான சொந்தக்காரர்களிடமே போகச் சொல். வாயைத் திறந்து கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும்?

நான் செய்தது சரியா தப்பா, எழுது.

வாலு

ஜூன் 14

வாலுக்கு,

நலம். நீ எழுதியதை அவரிடம் சொல்லிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார். நீ செய்தது சரி.

போர்டில் எழுத்து என்ன கலர்? மஞ்சள் என்றால் தூரத்திலிருந்து தெரியாது, கறுப்பு நல்லது. மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே. மருமகளுக்கு நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக் கொடு.

அண்ணன்

செப்டம்பர் 4

(இந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது)

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? சத்தியமாகக் கேட்கிறேன். ஜூலையில் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆகஸ்டில் மருமகள் எழுதினாள், அதற்கும் இல்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. அந்த நண்பர் விஷயத்தில் என்மேல் வருத்தமா? வருத்தம் என்றால் நாலு திட்டு திட்டி எழுது. இப்படி மௌனமாக இருந்தால் நான் என்னவென்று புரிந்துகொள்வது?

இங்கே சீசன். ரூம் மாசக் கடைசி வரைக்கும் நிரம்பிவிட்டது. வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதே ஒரு வேலையாகிவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஒன்று நடந்தது. மழை தூற ஆரம்பித்துவிட்டது. கொடியில் கிடந்த போர்வைகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன், கேட்டில் ஒருவர். தலையில் தொப்பி, நரைத்த தாடி, கையில் இரண்டு பெட்டி. ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அவசரம், மாடியில் டீ கேட்டு மணி அடிக்கிறார்கள். "மன்னிச்சுக்கங்க, ரூம் இல்லைங்க. படகுத்துறை லாட்ஜ்ல கேளுங்க, நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, குடுப்பாங்க" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே நடந்து போகிறார். ஒரு குடை கொடுத்திருக்கலாம்.

எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். இது மட்டும் ஏன் மனசைப் பிசைகிறது என்று தெரியவில்லை. டீச்சர் கேட்டால், இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டாய் என்று பாராட்டுவார். இவரிடம் சொன்னேன், "உனக்குத் தூக்கம் போதலை" என்கிறார்.

ஒரு வரியாவது எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

செப்டம்பர் 9
படகுத்துறை லாட்ஜ்

வாலுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், நம்பு. நீயும் நன்றாக இருக்கிறாய். பார்த்தேன்.

அன்றைக்கு மழையில் உன் கேட்டில் நின்றது நான்தான். பதறாதே. தொப்பி, தாடி, இருட்டு, மழை எல்லாம் சேர்ந்தால் யாருக்கு அடையாளம் தெரியும்? கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் வழி முழுக்க என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்து வேறு இடம் மாறிவிட்டார். கேட்டில் நின்று வாயெடுப்பதற்குள் உன் வாயசைவு தெரிந்தது. இல்லை என்கிறாய். காது போனவனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் நன்றாகப் புரியும். லாட்ஜுக்குக் கூட மரியாதையாக வழி காட்டினாய். தொழில் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று பெருமையாகவே இருந்தது. அப்புறம் தெருமுனையில் நின்று அழுதேன். அதையும் எதற்கு மறைப்பது?

வேலை மார்ச்சிலேயே போய்விட்டது. ரூமை ஆகஸ்டோடு காலி செய்யச் சொன்னார்கள். நீ வகுப்புக்கு ஒரு ஆள் கேட்டதும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. யாருக்காகவோ கேட்கிற மாதிரி கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நீ அந்த யாரோவுக்குப் பதில் சொன்னாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அப்படியும் வந்து கேட்டில் நின்றேனே, அது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தினமும் மாப்பிள்ளையின் கவுண்டரைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன். ஒரு நாள் நின்று பார்த்தேன். "எத்தனை டிக்கெட் சார்?" என்று கேட்டார். மனுஷர் கொஞ்சம் பருத்திருக்கிறார். மருமகளையும் பார்த்தேன். அப்படியே உன் நடை.

நாளை மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். பழைய நண்பர் ஒருவர் நோட்டீஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார், பின்பக்கம் படுத்துக்கொள்ளலாம் என்கிறார். இது உன் கைக்கு வரும்போது நான் பாதி தூரம் போயிருப்பேன். தேடி வர வேண்டாம். மாடியை விட்டுவிடாதே.

அண்ணன்

செப்டம்பர் 10

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

உள்ளூர் தபால் மறுநாளே வந்துவிடும் என்றுகூடவா தெரியாது உனக்கு? தபால்காரர் காலையிலேயே கொடுத்துவிட்டார், திரும்பி வந்த என் கடிதத்தையும் சேர்த்து. எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடியில் இருக்கிறவர்கள் இறங்கி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். விதிமுறையில் அதற்கு இடமில்லை.

இப்போது உன் லாட்ஜ் ரூமில், உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வெளியே போயிருக்கிறாய். கவுண்டரை மூடிவிட்டு இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடிவிட்டோம், எங்கேயும் காணோம். "எத்தனை டிக்கெட் சார்னு கேட்டேனேடி" என்று இவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். லாட்ஜ்காரரிடம், "இவர் என் அண்ணன், ரூமைத் திறங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அண்ணனா? நீங்கதானேம்மா இங்க அனுப்பி வெச்சீங்க!" என்றார்.

உனக்கு வாய் இல்லையா? "நான் வரேன்" என்று எழுத இரண்டு வார்த்தை போதுமே, அதற்கு ஒரு ஆளையே உருவாக்கி அவனுக்குச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்காரவைத்தாயே. எனக்கும்தான் கண் இல்லை. சொந்த அண்ணன் முகத்துக்கு நேரே ரூம் இல்லைங்க என்றேனே, அந்த 'ங்க' இன்னும் என் காதில் கேட்கிறது. கொஞ்ச நேரம் உன்மேல் ஆத்திரம் வருகிறது, கொஞ்ச நேரம் என்மேல் வருகிறது. எது யார்மேல் என்றே குழம்பிவிட்டது.

கேட்டுக்கொள். மாடியில் மாசக் கடைசி வரைக்கும் ஆள் இருக்கிறார்கள். அவர்களை இறக்கிவிட்டு உன்னை ஏற்றமாட்டேன், வாக்கு கொடுத்துவிட்டேன். நீ எங்களோடு கீழே ஹாலில்தான் படுக்க வேண்டும். இவர் குறட்டை விடுவார், உனக்கென்ன, கேட்கவா போகிறது? மாசக் கடைசிக்கு அப்புறம் மாடி யாருக்கு, தொழில் எப்படி நடக்கும், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியாது. நாம் சேர்ந்து உட்கார்ந்து குழம்பலாம்.

லாட்ஜ் கணக்கை இவர் முடித்துவிட்டார். சாவியையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இந்தச் சீட்டை லாட்ஜ்காரர் உன்னிடம் தருவார். பஸ் ஏறுவதென்றால் மாற்றுத் துணிகூட இல்லாமல்தான் ஏற வேண்டும். உன் பெட்டி இரண்டும் நம் வீட்டில் இருக்கும். வேணும்னா வந்து எடுத்துக்கோ.

வாலு